உயர் வோல்டேஜ் இ-சிகரெட்டைத் தினமும் பயன்படுத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிகரெட்டை விட்டுவிட்டு இதற்கு மாறியவர்களும், மாறலாமா என்று யோசிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. நான் இருப்பது பிரிட்டனில். இங்கே 18 வயது நிரம்பியவர்களுக்கு இதை விற்கலாம், அவர்கள் பயன்படுத்தலாம். இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் நிலைமை வேறு. அது பற்றிக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன். இதுவரை புகைக்காதவர் என்றால் உங்களுக்கு இது தேவையே இல்லை. வீணாக ஒரு நிகோடின் பழக்கத்தை விலைக்கு வாங்காதீர்கள்.

‘உயர் வோல்டேஜ்’ என்கிறார்களே, ஷாக் அடிக்குமா?

அடிக்காது. இந்த உலகத்தில் ‘உயர்’ என்பது 5 அல்லது 6 வோல்ட்தான். கார் பேட்டரியே 12 வோல்ட்.

பெயர் வந்த கதை இது. சீன மருந்தாளுநர் ஹோன் லிக் 2003-இல் உருவாக்கியதிலிருந்து கிளைத்த ஆரம்பகாலச் சாதனங்கள் சிகரெட் அளவிலேயே இருந்தன. உள்ளே ஒரே ஒரு சின்ன லித்தியம் செல், சராசரியாக 3.7 வோல்ட். அது காயில் என்ற கம்பிச்சுருளைச் சூடாக்கி, நிகோடின் கலந்த லிக்விடை ஆவியாக்கும். தினம் ஒரு பாக்கெட் ஊதிப் பழகியவருக்கு அந்த ஆவி தொண்டையைத் தொட்ட மாதிரியே இருக்காது. இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டு மறுபடி பெட்டிக்கடைப் பக்கம் போனவர்கள் ஏராளம். 2009, 2010 வாக்கில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கைவேலை தெரிந்த சிலர், டார்ச் லைட் உடல்களுக்குள் செல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி 5, 6 வோல்ட் சாதனங்களைச் செய்தார்கள். அதன் பிறகு வந்த புரோவாரி போன்ற சாதனங்களில் ஒரே செல்தான்; உள்ளிருக்கும் மின்சுற்று வோல்டேஜைத் தேவைக்கேற்ப ஏற்றிக் கொடுத்தது. விரலால் பட்டனை அழுத்தி 6 வோல்ட் வரை போகலாம். சிகரெட்டை முழுதாக விட முடிந்த பழைய ஆட்கள் பலருக்கு அந்தத் தலைமுறைச் சாதனங்கள்தான் கைகொடுத்தன.

வோல்டேஜைக் கூட்டினால் என்ன மாறும்?

காயில் இன்னும் சூடாகும், ஆவி அதிகமாகும், தொண்டையில் பிடிப்பது பலமாகும். ஆனால் காயிலின் ஓம், அதாவது மின்தடை, எவ்வளவு என்று தெரியாமல் வோல்டேஜைப் பற்றி மட்டும் பேசுவதில் அர்த்தமில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த ஓம் விதியை இங்கே தூசி தட்டி எடுக்க வேண்டும். வோல்டேஜை அதனாலேயே பெருக்கி, காயிலின் ஓமால் வகுத்தால் வாட், அதாவது காயிலைச் சூடாக்கும் மின்திறன், கிடைக்கும்.

2.4 ஓம் காயிலில் 3.7 வோல்ட் கொடுத்தால் ஏறக்குறைய 5.7 வாட். அதே காயிலில் 5 வோல்ட் என்றால் 10.4 வாட். வோல்டேஜ் மூன்றில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது. சூடோ கிட்டத்தட்ட இரட்டிப்பு. அதே 5 வோல்ட்டை 1.6 ஓம் காயிலில் கொடுத்தால் 15.6 வாட். அந்தக் காலத்துச் சின்னக் காயில் அதைத் தாங்காது, ஒரே இழுப்பில் கருகிவிடும். “என் நண்பர் 5 வோல்ட்டில் வைக்கிறார், எனக்கு மட்டும் ஏன் கருகுகிறது?” என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, காயிலின் மேல் என்ன ஓம் எழுதியிருக்கிறது என்பதைத்தான்.

அப்படியானால் இன்று கடையில் இருக்கும் 80 வாட் சாதனம் எத்தனை வோல்ட்?

இங்கேதான் வேடிக்கை. 0.15 ஓம் காயிலை 65 வாட்டில் இழுத்தால் அதற்குப் போவது வெறும் 3.1 வோல்ட். 2010-இன் ‘உயர் வோல்டேஜ்’ சாதனம் 5 வோல்ட்டில் 10 வாட் தந்தது; இன்றையது அதைவிடக் குறைந்த வோல்டேஜில் ஆறு மடங்கு தருகிறது. அன்றைய செல்களால் அதிக மின்னோட்டம் தர முடியவில்லை, அதனால் ஓமை உயரமாக வைத்து வோல்டேஜை ஏற்றினார்கள். இன்றைய நல்ல 18650 செல் (18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம்) தொடர்ந்து 20 ஆம்பியர் கொடுக்கும். ஓமைக் குறைத்தாலே போதும்.

ஆகவே இரண்டு சாதனங்களை ஒப்பிடும்போது வோல்டேஜைப் பார்க்காதீர்கள், வாட்டைப் பாருங்கள். வாட் ஒன்றாகவே இருந்தாலும் காயிலின் பரப்பும் காற்று போகும் வழியும் மாறினால் அனுபவம் மாறிவிடும். பெரிய காயிலில் 40 வாட் இதமாக இருக்கும். சின்னதில் 12 வாட்டே எரிச்சல்.

எந்த அளவில் வைப்பது?

காயிலின் மேல் ஒரு வரம்பு அச்சிட்டிருப்பார்கள். அதன் அடிமட்டத்தில் தொடங்குங்கள். நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை அரை வாட் ஏற்றுங்கள். சுவை தெளிவாகி, ஆவி வெதுவெதுப்பாக வரும் இடத்தில் நிறுத்திவிடலாம். அதற்கு மேல் ஏற்றினால் லிக்விட் தீரும், செல் தீரும், காயில் தீரும். கிடைப்பது கொஞ்சம் கூடுதல் மேகம் மட்டும். எனக்குப் பிடித்தது 1.8 ஓம் காயிலில் 4.3 வோல்ட், அதாவது 10 வாட்டை ஒட்டி. சிகரெட்டை இழுப்பது போல வாயில் வாங்கி உள்ளே விடுபவர்களுக்கு இந்த ரகம் ஒத்துவரும். நேரே நுரையீரலுக்கு இழுக்கும் பழக்கம் இருந்தால் குறைந்த ஓம் பக்கம் போகலாம்.

திடீரென்று தொண்டையை அறுக்கிற மாதிரி ஒரு கருகல் வருகிறதே?

பஞ்சு காய்ந்துவிட்டது. காயிலைச் சுற்றியிருக்கும் பஞ்சு லிக்விடை உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஈரம்தான் காயிலின் சூட்டைக் கட்டுக்குள் வைக்கிறது. லிக்விட் வந்து சேரும் வேகத்தைவிட எரியும் வேகம் கூடினால், மாவு ஊற்றாமல் அடுப்பில் விட்ட தோசைக்கல்லின் கதைதான். வாட் அதிகம், அடுத்தடுத்து இழுப்பது, லிக்விட் ஊற்றும் டேங்க் காலி, கெட்டியான லிக்விட் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். புதுக் காயில் என்றால் பஞ்சில் சில சொட்டு விட்டு, டேங்கை நிரப்பி, பத்து நிமிடம் சும்மா வையுங்கள். பஞ்சு ஒருமுறை கருகினால் அது தேறாது. மாற்றிவிட வேண்டியதுதான்.

அதிக வோல்டேஜில் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வருகிறது என்று படித்தேனே?

2015 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு மருத்துவ இதழில் எழுதிய கடிதத்திலிருந்து கிளம்பியது அந்தச் செய்தி. 3.3 வோல்ட்டில் ஃபார்மால்டிஹைடு சார்ந்த சேர்மங்கள் தென்படவில்லை, 5 வோல்ட்டில் நிறைய இருந்தன என்றார்கள். “இ-சிகரெட் சிகரெட்டைவிட மோசம்” என்று பத்திரிகைகள் தலைப்புப் போட்டன.

அதே ஆண்டில் ஃபார்சலினோஸ் என்ற கிரேக்க இதயநோய் மருத்துவரும் அவர் குழுவும் பழகிய பயனர்களைக் கொண்டே சோதித்தார்கள். ஃபார்மால்டிஹைடு உள்ளிட்ட ஆல்டிஹைடுகள் எகிறுவது பஞ்சு காய்ந்த நிலையில்தான், அந்தக் கருகலை யாரும் தொடர்ந்து இழுக்க மாட்டார்கள், உடனே நிறுத்திவிடுவார்கள் என்பது அவர்கள் வாதம். எந்திரத்துக்கு நாக்கு கிடையாதே, அது இழுத்துக்கொண்டே இருக்கும்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், 5 வோல்ட் என்ற எண்ணைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது காயிலுக்குப் பொருந்தாத வாட்டுக்கு. அதற்காக, கருகல் தெரியாதவரை எல்லாம் சுத்தம் என்றும் ஆகிவிடாது. சூடு ஏறஏற இந்தச் சேர்மங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடத்தான் செய்கின்றன. லேசாக வாடை மாறினாலே நிறுத்துங்கள். “டேங்கில் இன்னும் கொஞ்சம் இருக்கிறதே, வீணாக்குவானேன்” என்று கருகிய காயிலை இழுக்கும் சிக்கனம் வேண்டாம்.

ஒரு செல் ஒரு நாளைக்குப் போதுமா?

2,500 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட 18650 செல்லில் ஏறக்குறைய 9 வாட்-மணி ஆற்றல் இருக்கும், அதாவது 32,400 ஜூல். 10 வாட்டில் 3 விநாடி இழுத்தால் செலவு 30 ஜூல். கணக்குப்படி ஆயிரத்துக்கும் மேல் இழுப்புகள். சுற்றில் வீணாவதையும் செல்லை முழுக்கக் காலி செய்ய முடியாததையும் கழித்தால்கூட எண்ணூறு தேறும். சாதாரண ஆளுக்கு இரண்டு நாள் ஓடும். 65 வாட்டில் அதே செல் 166 இழுப்பு என்று கணக்கு சொல்லும், நடைமுறையில் அதுவும் குறையும். மதியத்துக்குள் சார்ஜரைத் தேடுவீர்கள். தினசரிச் சாதனமாக வைத்துக்கொள்ள மிதமான வாட்டே தோதானது என்று நான் சொல்வதற்குப் பாதிக் காரணம் இது.

பேட்டரி விஷயத்தில் எதற்கெல்லாம் பயப்பட வேண்டும்?

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பொறுமையாகப் படியுங்கள். மற்றதில் பிசகினால் வாயில் கசப்பு வரும், அவ்வளவுதான். இதில் பிசகினால் தீக்காயம்.

லித்தியம் செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட் காட்டும். அதன் உலோக உடல் முழுவதுமே எதிர்முனை. மேலே நடுவில் இருக்கும் சின்ன வட்டம் நேர்முனை. இரண்டுக்கும் இடையே இருப்பது ஒரு மெல்லிய வளையமும் மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறையும்தான். உறை கிழிந்த செல்லையோ உறையோடு இருக்கும் நல்ல செல்லையோ சாவிக்கொத்து, சில்லறைக் காசு இருக்கும் பாக்கெட்டில் போட்டால், உலோகம் இரண்டு முனைகளையும் இணைத்துவிடும். தொடையில் தீக்காயத்தோடு மருத்துவமனைக்கு வந்தவர்கள் பலரின் கதை இதுதான். உபரி செல் எப்போதும் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்க வேண்டும். அந்தப் பெட்டி ஒரு பவுண்டுக்குக் கிடைக்கும். உறை கிழிந்திருந்தால் புது உறை போடுங்கள், இல்லையென்றால் செல்லையே விட்டுவிடுங்கள்.

பழைய பாணி உயர் வோல்டேஜ் சாதனங்களில் செல்களை அடுக்குவார்கள் என்றேன் அல்லவா? அதில் ஒரு தனி அபாயம் உண்டு. அடுக்கிய இரண்டில் ஒன்று பலவீனமாக இருந்தால் அது முன்பே தீர்ந்துவிடும். மற்றது அதன் வழியே மின்னோட்டத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பலவீனமான செல் தலைகீழாகச் சார்ஜ் ஆகிச் சூடாகி உள்ளிருக்கும் வாயுவைக் கக்கும். ஆகவே இரண்டு செல் போடும் சாதனம் எதுவானாலும் ஒரே கம்பெனி, ஒரே ரகம், ஒரே நாளில் வாங்கிய ஜோடி. சேர்த்தே போட்டு, சேர்த்தே சார்ஜ் செய்து, சேர்த்தே ஓய்வு கொடுங்கள். புதியதையும் பழையதையும் கலக்கவே கூடாது.

மின்சுற்று எதுவும் இல்லாத, குழாய் போன்ற மெக்கானிக்கல் சாதனங்கள் புதியவர்களுக்கு வேண்டவே வேண்டாம். 0.15 ஓம் காயிலை முழு சார்ஜ் செல்லில் நேரடியாகப் போட்டால் 28 ஆம்பியர் ஓடும். 20 ஆம்பியர் செல்லிடம் அதைக் கேட்பது வம்பு. தடுப்பதற்கு உள்ளே எதுவும் இல்லை. இ-சிகரெட் வெடித்து உயிர் போனதும் உண்டு: 2018 மே மாதம் புளோரிடாவில் ஒருவர், 2019 ஜனவரியில் டெக்சாஸில் ஒருவர். கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் பொருளில் இது அபூர்வம்தான், ஆனாலும் தவிர்க்கக்கூடியது.

9,900 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சிட்ட 18650 செல்லைப் பார்த்தால் போலி என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்த அளவு உடலுக்குள் அவ்வளவு அடங்காது. செல்லை அதற்கென்று உள்ள கடையில் வாங்குங்கள். தலையணைக்குப் பக்கத்தில் வைத்து ராத்திரி முழுக்கச் சார்ஜ் போடும் பழக்கத்தையும் விடுங்கள். சாயங்காலம் கண்பார்வையில் போடலாம்.

லிக்விட், நிகோடின் அளவு எப்படித் தேர்ந்தெடுப்பது?

லிக்விடின் பெரும்பகுதி புரொபிலீன் கிளைக்கால், கிளிசரின் இரண்டும்தான். முன்னது நீர்த்தது, தொண்டையில் பிடிக்கும். பின்னது கெட்டி, மேகம் தரும். 10 வாட் சாதனத்துக்குப் பாதிக்குப் பாதி கலவை சரி. முக்கால் பங்கு கிளிசரின் உள்ளதை அதில் ஊற்றினால் சின்னப் பஞ்சு மூச்சுத்திணறும்.

வாட் கூடக்கூட நிகோடினைக் குறைக்க வேண்டும், ஏனென்றால் ஒரே இழுப்பில் அதிக ஆவி உள்ளே போகிறது. பிரிட்டனில் மில்லிக்கு 20 மில்லிகிராம்தான் உச்சம். பழைய 3.7 வோல்ட் காலத்தில் 24, 36 என்றெல்லாம் ஊற்றினார்கள், வேறு வழியில்லை. இன்று 10 வாட்டில் 6 முதல் 12 போதும், 60 வாட்டில் 3 போதும். நிகோடின் கலந்த லிக்விட் இங்கே 10 மில்லி பாட்டிலில்தான் வரும் என்பதால், 50 மில்லி வெறும் லிக்விடில், மில்லிக்கு 18 மில்லிகிராம் நிகோடின் உள்ள 10 மில்லி பாட்டில் ஒன்றை ஊற்றுவார்கள். 60 மில்லிக்கு மொத்தம் 180 மில்லிகிராம், அதாவது மில்லிக்கு 3. தலை கிறுகிறுத்தால், குமட்டினால் அளவு கூடிவிட்டது என்று பொருள். கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடியுங்கள்.

வெண்ணெய், கஸ்டர்ட் வாசனைகளில் ஒரு காலத்தில் டயசிட்டைல் சேர்த்தார்கள். மூச்சில் போனால் நுரையீரலுக்கு ஆகாது. பிரிட்டனில் அதற்கு அனுமதி இல்லை. பெயர் தெரியாத பாட்டிலை வாங்காமலிருக்க இதுவும் ஒரு காரணம்.

காயில் எத்தனை நாள் வரும்? டேங்க் ஒழுகுகிறதே?

ஒரு வாரம், இரண்டு வாரம். இனிப்பு அதிகமான லிக்விட் சீக்கிரமே கரி பிடிக்க வைக்கும். ஒழுகினால் ரப்பர் வளையத்தைப் பாருங்கள், படுக்கப் போடாதீர்கள். கொடகொட என்று சத்தம் வந்தால் காயிலில் லிக்விட் தேங்கியிருக்கிறது. ஒரு டிஷ்யூவைப் பிடித்து ஊதிவிடுங்கள்.

உடம்புக்கு உண்மையில் எவ்வளவு பரவாயில்லை?

எரிந்த புகையிலைப் புகையோடு ஒப்பிட்டால் நிறையவே பரவாயில்லை: தார் இல்லை, கார்பன் மோனாக்சைடு இல்லை. காற்றோடு ஒப்பிட்டால் பரவாயில்லை என்று சொல்ல முடியாது. பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். நிலைப்பாடும் ஏறக்குறைய இதுதான். முப்பது, நாற்பது வருடம் இதை இழுத்தவர்கள் இன்னும் இல்லை, எனவே நீண்டகாலக் கணக்கு யாரிடமும் கிடையாது.

விடுவதற்கு உதவுமா என்றால், உதவும். 2019-இல் இங்கிலாந்தில் 886 பேரை வைத்து வெளியான ஆய்வில், ஒரு வருடம் கழித்துச் சிகரெட்டே தொடாதவர்கள் இ-சிகரெட் குழுவில் 18 சதவீதம். நிகோடின் பட்டை, சூயிங்கம் போன்றவை பெற்ற குழுவில் 9.9 சதவீதம். ஆனால் அப்படி விட்டவர்களில், இ-சிகரெட் குழுவில் 80 சதவீதம் பேர் அந்தச் சாதனத்தை அப்போதும் கையில் வைத்திருந்தார்கள். சிகரெட் போகும், இது தங்கிவிடும். அதை ஏற்றுக்கொள்ள முடியுமா என்பது உங்கள் கணக்கு.

காலையில் ஒரு சிகரெட், மற்ற நேரம் இது என்று இரண்டையும் ஓட்டுவதில் லாபம் சொற்பம். 2019-இல் அமெரிக்காவில் பரவிய நுரையீரல் பாதிப்பைப் பலர் கேட்கிறார்கள். 2020 பிப்ரவரி வரை 68 பேர் இறந்தார்கள். அதில் முக்கியமாகச் சிக்கியது கஞ்சா எண்ணெயில் கலந்த வைட்டமின் இ அசிட்டேட். கடையில் வாங்கும் நிகோடின் லிக்விட் அல்ல. இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் பேசாமல் எதையும் தீர்மானிக்க வேண்டாம்.

வீட்டில் குழந்தைகள், பெரியவர்கள் இருக்கிறார்கள். என்ன கவனிக்க வேண்டும்?

லிக்விட் பாட்டிலை மருந்துபோலப் பூட்டி வையுங்கள். மில்லிக்கு 20 மில்லிகிராம் கொண்ட 10 மில்லி பாட்டிலில் 200 மில்லிகிராம் நிகோடின் இருக்கிறது. பழ வாசனை வேறு வரும், குழந்தை வாயில் வைக்கத்தான் பார்க்கும். வாயில் போய்விட்டது என்று சந்தேகம் வந்தாலே உடனடியாக மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டுக்குள் இழுக்காமல் பால்கனிக்கோ தோட்டத்துக்கோ போவது மரியாதை. மாமியார் எதிரில் சிகரெட்டை மறைத்தவர், “இது வெறும் ஆவிதானே” என்று சொல்லி இதை மட்டும் ஹாலில் உட்கார்ந்து இழுப்பது சரியில்லை.

விமானத்தில் கொண்டு போகலாமா? ஊருக்குப் போகும்போது?

விமானத்தில் கைப்பையில் மட்டும். பேட்டரி இருப்பதால் சரக்கில் போடும் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. உள்ளே பயன்படுத்துவதும் சார்ஜ் போடுவதும் கூடாது. அழுத்த மாற்றத்தில் டேங்க் ஒழுகும், காலி செய்துவிட்டு ஏறுங்கள்.

இந்தியாவுக்குக் கொண்டு போகாதீர்கள். தமிழ்நாடு 2018-லேயே தடை செய்தது. 2019 செப்டம்பரில் மத்திய அரசின் அவசரச் சட்டமும், டிசம்பரில் முழுச் சட்டமும் வந்தன. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாமே தடை. முதல் குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சேமித்து வைப்பதும் தனிக் குற்றம். சிங்கப்பூர் இன்னும் கடுமை: 2018 பிப்ரவரி முதல் கையில் வைத்திருப்பதே குற்றம். சாங்கி விமான நிலையத்தில் இறங்கி மாறிப் போகிறவர்களும் இதை மனதில் வையுங்கள். சில வாரப் பயணத்துக்கு நிகோடின் பட்டையோ சூயிங்கமோ வாங்கிக்கொண்டு போங்கள், அந்தந்த நாட்டு விதியைப் பார்த்துவிட்டு.

தீரும்வரை இழுத்துவிட்டுத் தூக்கி எறியும் சாதனம் சுலபம் இல்லையா?

பிரிட்டனில் 2025 ஜூன் 1 முதல் அதன் விற்பனைக்கே தடை. செலவிலும் கட்டாது.

பழைய செல்லையும் சாதனத்தையும் என்ன செய்வது?

வீட்டுக் குப்பைத்தொட்டியில் மட்டும் போடாதீர்கள். குப்பை லாரிக்குள் நசுங்கினால் செல் தீப்பிடிக்கும். இரண்டு முனைகளிலும் டேப் ஒட்டி, சூப்பர் மார்க்கெட் வாசலில் இருக்கும் பேட்டரிப் பெட்டியில் போடுங்கள். சாதனத்தை விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம். வேப் (இ-சிகரெட்) விற்கும் கடைகள் பழையதை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது இங்கே விதி. கொடுக்கும் முன் டேங்கைக் கழற்றி, மிச்ச லிக்விடை டிஷ்யூவில் ஒற்றி எடுத்துவிடுங்கள்.